துக்கமும் ஆனந்தமும், மாலை நான்கு மணிக்கு

கொல்லம் ஆண்டு 1110 ஆனி மாதம் பத்தாம் தேதி திருவனந்தபுரத்துச் சரித்திரத்தில் ஒரு மகத்தான நாள். கிழக்கேகோட்டையில் ஒரு சர்க்கார் ஆபீசிலிருந்து சூப்பிரண்டு பிச்சுமணி அய்யர் மாற்றலாகிப் போனார். அவர் நாற்காலிக்கு ராமசுப்ரமணிய அய்யர் வந்தார். வழியனுப்பவும் வரவேற்கவும் ஒரே கூட்டம், ஒரே உபசாரப் பத்திரம்.

எழுதும் பொறுப்பு ஆக்டிங் குமாஸ்தா நாகேஸ்வரனுடையது. இரண்டு அய்யர்களும் கையெழுத்திட்டால் வேலை ஸ்திரமாகும். ஸ்திரமாகும்வரை பெண்ணை அனுப்புவதில்லை என்று மாமனார் பிடிவாதமாக இருந்தார்.

பத்திரத்தை முன்கூட்டியே இருவருக்கும் காட்டுவது ஆபீஸ் வழக்கம்.

"நான் போறது வருத்தமா?" என்றார் பிச்சுமணி அய்யர். "குடையை மறந்துட்டு வந்தாலே வருத்தம்தான். அஞ்சு வருஷம் உங்களைக் கட்டி மேய்ச்சிருக்கேன்."

நாகேஸ்வரன் 'துக்கம்' என்று திருத்தினான்.

"அவர் போனா துக்கம், நான் வந்தா வெறும் சந்தோஷமா?" என்றார் ராமசுப்ரமணிய அய்யர்.

"ஆனந்தம்னு போட்டுடறேன் சார்."

"பரமானந்தம்னா பேனா எழுதாதோ?"

அதைப் பார்த்த பிச்சுமணி அய்யருக்கு முகம் சுண்டியது. "பரமானந்தம் இத்தனை நாள் வராம இருந்தது என்னாலேதானா?"

துக்கம் ஆற்றொணாத் துயரமாயிற்று. மறுநாளே பரமானந்தம் பேரின்ப வெள்ளமாகப் பெருகியது.

கூட்டத்தன்று மத்தியானம், சாலைக் கடைவீதி அச்சகத்தில் கம்பாசிட்டர் யோசுவா காகிதத்தை இருமுறை படித்தார்.

"சாரே, இது சாவுக்கா கல்யாணத்துக்கா? பார்டர் கறுப்பா சுவப்பா?"

"ரெண்டுக்கும் நடுவிலே ஏதாவது இருக்கா?"

"நீலம் இருக்கு. மை காய நேரம் பிடிக்கும்."

மை காய்ந்தபோது மணி ஐந்து. நாகேஸ்வரன் காகிதக் கட்டோடு ஓடினான். ஆபீசில் பியூன் தாசையன் பெஞ்சுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"கூட்டம்?"

"கழிஞ்சாச்சு சாரே."

"பத்திரம் வாசிக்காமலா?"

"வாசிச்சாச்சு. கூட்டத்துக்கு வந்திருந்த அரிசிக்கடை ஆறுமுகநயினார்தான் வாசிச்சாரு. ரெண்டு சாரும் கண்ணைத் துடைச்சாவ. அந்தச் சூட்டிலேயே உங்க ஸ்திரத் தாளிலே ஒப்பும் போட்டாவ."

நாகேஸ்வரன் கையிலிருந்த கட்டைப் பார்த்தான். "எதை வாசிச்சார்?"

"பிச்சுமணி சார் இங்க வந்த அன்னைக்கு வாசிச்ச பழைய பத்திரம். அலமாரியிலே கிடந்துது," என்றான் தாசையன், அடுத்த பெஞ்சைத் தூக்கியபடி. "பேரைக்கூட மாத்தல்லே."