மேடையில் எழுந்த மீன்

இனி சாவு கட்டாயமில்லை என்று தாம்பரம் முழுக்கச் சுவரொட்டி. ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையில் முந்நூறு வயது சிரஞ்சீவி அடிகள். அத்தனை வருடத்தில் மைக்கை நேராகப் பிடிக்க மட்டும் அவர் கற்றிருக்கவில்லை.

அமுதம் பெறுவதற்கான விண்ணப்பத்தில் 'உங்களோடு சாகாமல் இருக்க வேண்டியவர்' என்று ஒரு கட்டம். முன்னால் நின்ற துரைராஜ் சார், மனைவி பெயரை எழுதுவதற்குள் மூன்று முறை பேனாவை மூடித் திறந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் கட்டமும் காலியாகத்தான் இருந்தது. சாகாமலே இருந்தால் நான் என்ன செய்வேன்? காலையில் பால் காய்ச்சுவேன். மறுநாளும். முடிவே இல்லாமல். சாவைவிட அந்தப் பால் அதிகம் பயமுறுத்தியது.

நான் வந்தது கீதா அக்காவுக்காக. "சாகாதவளுக்கு எதுக்குடி சுகர் மாத்திரை?" என்று சுவரொட்டி பார்த்ததிலிருந்து ஒன்பது நாளாக நிறுத்தியிருந்தாள். நா வறண்டது, கண் மங்கியது. "பழைய உடம்பு கழண்டுட்டிருக்கு" என்றாள்.

அடிகள் ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினார். அசையாத மீன். அதன் வாயில் ஒரு சொட்டு அமுதம் விட்டுக் கண்ணாடித் தொட்டியில் போட்டார். சற்று நேரத்தில் வாலாட்டி நீந்தியது. மண்டபமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அக்கா அழுதாள்.

மார்க்கெட்டில் மீன் விற்கும் காமு, கூடையோடு எழுந்தாள்.

"சாமி, அது விரால். தண்ணி இல்லாமயே ரொம்ப நேரம் கெடக்கும். ஐஸ்ல வச்சா மயங்கும், தண்ணில வுட்டா எயுந்துக்கும். என் வூட்டு குண்டால தெனம் இந்த அற்புதம் நடக்குது."

"நம்பிக்கை இல்லாதவர்கள் வெளியே போகலாம்."

"போறேன். இத்த எயுப்பிட்டு அனுப்பு." ஒரு சங்கரா மீனை மேடையில் வைத்தாள்.

"அமுதம் கடல் மீனுக்கு ஆகாது."

"அப்போ கோவளத்துக்காரன் மட்டும் சாவணுமா? அவன் இன்னா பாவம் பண்ணான்?"

மண்டபம் சிரித்தது. வேறு வழியின்றி அடிகள் ஒரு சொட்டு விட்டார். பிறகு குப்பியையே கவிழ்த்தார். சங்கரா அசையவில்லை.

"சீக்கிரம் சாமி, கொயம்பு வைக்கணும்."

அடிகளுக்கு அவசரத் தியானம் வந்துவிட்டது. பின்வாசல் வழியாகப் போனார். முந்நூறு வயதுக்கு நல்ல ஓட்டம்.

"நெஜமாவே விராலா காமு?" அக்கா கேட்டாள்.

"வாராவாரம் எங்கிட்டதானே விரால் வாங்கறே? அதே மீனு மேடையில ஏறுனா உனக்கு அடையாளம் தெரியாதாக்கா?"

அக்கா வெளியே வந்ததும் மருந்துக்கடையில் மாத்திரையும் தண்ணீரும் வாங்கி அங்கேயே விழுங்கினாள். "எத்தனை வருஷம் வருதோ வரட்டும்டி" என்றாள்.

சாகாமலிருக்க வழி கேட்டு அத்தனை பேர் வந்தோம். அது என்ன மீன் என்று பார்த்தவள் ஒருத்தி. உபயோகிக்காமல் வைத்திருந்தால் மூளை தேயாதுதான். அதற்குப் பெயர் சாகாவரம் இல்லை.