வெல்லக் கொப்பரையில் வெந்நீர் ஊற்று

கொல்லிமலை,
பிரமாதி வருஷம், மார்கழி 12.

கனம் பொருந்திய மாமா அருணாசலம் அவர்களின் திருமுன்புக்கு, மூத்த மருமகன் அர்த்தனாரி மலைமேலிருந்து தலைதாழ்த்தி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மிளகுக் கொடிகளும் க்ஷேமம். அங்கே தங்கள் க்ஷேமத்துக்கும், அத்தையின் முழங்கால் க்ஷேமத்துக்கும், போன மாதம் கொம்பு ஒடிந்த செவலைக் காளையின் க்ஷேமத்துக்கும் அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொண்டிருக்கிறேன். தங்கள் மகள் பாவாயியின் க்ஷேமத்தை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு மிச்சம் இருக்கிறதா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

வழக்கம்போல் இதை அண்ணாமலை வாத்தியார்தான் தங்களுக்கு வாசித்துக் காட்டுவார். அவர் வாசித்தால் காளப்பநாயக்கன்பட்டியில் பாதி ஊருக்குக் கேட்கும். ஆகையால் வாத்தியார் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தை அங்கங்கே குறித்திருக்கிறேன், தயவுசெய்து அங்கே குரலைத் தாழ்த்தவும். கடைசிப் பகுதியை மட்டும் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிற ஆளுக்கும் கேட்கும்படி நன்றாக உரத்து வாசிக்கவும்.

முதலில் கொப்பரை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசிப் பௌர்ணமிக்கு மலைக் கோயிலில் அன்னாபிஷேகம், சோறு வடிக்கப் பெரிய பாத்திரம் இல்லை, தங்கள் கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சுகிற இரும்புக் கொப்பரையைக் கொடுத்து உதவினால் பெரிய புண்ணியம் என்று மாதனிடம் சொல்லியனுப்பினேன். மாதன் என் பக்கத்துக் காட்டுக்காரர், தினையும் மரவள்ளியும் போடுகிறவர், பொய் சொல்ல வராதவர், அதனால் அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. தாங்களும் சாமி காரியம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு எட்டு ஆட்களின் தலையில் ஏற்றி அனுப்பினீர்கள். பாதி மலையில் மழை பிடித்துக்கொள்ள, எட்டுப் பேரும் கொப்பரையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அதற்கடியிலேயே நடந்து வந்தார்கள். மேலே நின்று பார்த்த எனக்குப் பதினாறு கால் முளைத்த ஆமை ஒன்று மலையேறி வருவது போலிருந்தது. அன்னாபிஷேகம் நடந்தது உண்மை. அதற்கு வேண்டிய பாத்திரமெல்லாம் கோயிலிலேயே இருந்ததும் உண்மை. கார்த்திகையில் தாங்கள் மூன்று தடவை ஆள் விட்டுக் கேட்டபோது, சாமிக்கு இன்னும் கொப்பரையில் வேலையிருக்கிறது என்று சொல்லியனுப்பினேனே, அது பொய். கொப்பரையில் இருந்தது சாமி இல்லை மாமா, நான்தான்.

எதற்காக என்று கேட்பீர்கள். சேலத்து நூல் வியாபாரி ஒருவர் ஜப்பானில் கோபே பட்டணத்தில் கடை வைத்திருந்தபோது நான் அவருக்குச் சமையல்காரனாகப் பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்தது தாங்கள் அறிந்ததே. முதலாளிக்குக் கீல்வாதம். குளிர்காலம் பிறந்தால் மாடிப்படி ஏற மாட்டார். அந்த ஊர் டாக்டர் மருந்து எழுதித் தராமல் மலையைக் கைகாட்டி, போய் வெந்நீரில் உட்கார் என்று சொல்லிவிட்டார். அப்படி வருஷா வருஷம் முதலாளியையும் மிளகாய்ப்பொடி டப்பாவையும் தூக்கிக்கொண்டு வெந்நீர் ஊற்று ஊர்களுக்குப் போகத் தொடங்கினோம். அங்கே பூமியே அடுப்பு மூட்டி வைத்திருக்கிறது மாமா. ஆரிமா என்ற ஊரில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும், என் வெள்ளைத் துண்டு மூன்றாம் நாள் காவித் துணியாகி, முதலாளி என்னைச் சாமியாரே என்று கூப்பிட்டார். கினோசாகியில் ஆற்றோரமாக ஏழு குளியல் வீடுகள். ஜனங்கள் பருத்தி அங்கியைப் போட்டுக்கொண்டு கட்டைச் செருப்பு டொக் டொக் என்று சத்தமிட ஒவ்வொன்றாகக் குளித்துக்கொண்டே தெருவில் போவார்கள், நாம் நவக்கிரகம் சுற்றுகிற மாதிரி. குசாத்சுவில் தண்ணீர் தாங்க முடியாத கொதி. பெண்கள் வரிசையாக நின்று நீளப் பலகையால் துழாவிப் பாட்டுப் பாடி ஆற்றுவார்கள், பிறகு ஒரு பெரியவர் உத்தரவு கொடுத்ததும் எல்லாரும் ஒன்றாக இறங்கி மூன்று நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் தண்ணீர் கடிக்கும். (வாத்தியார் ஐயா, இங்கே மெதுவாக.) உள்மலைப் பழைய ஊர்கள் சிலவற்றில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் குளிப்பார்கள். ஆவி ரொம்ப அடர்த்தி, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. (இனி உரத்து வாசிக்கலாம்.) எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒரு தை மாதம் ஆரிமாவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. முதலாளி தூங்கிவிட்டார், நான் மட்டும் திறந்தவெளித் தொட்டியில் கழுத்துவரை உட்கார்ந்திருந்தேன். அந்த ஊர் வழக்கப்படி மடித்த துண்டைத் தலையில் வைத்திருந்தேன், துண்டின்மேல் பனி, துண்டுக்குக் கீழே சுகம். பக்கத்தில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்து, உள்ளே இருந்த காற்று முழுவதையும் வெளியே விட்டாற்போல் ஒரு பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ஜப்பான்காரரோடு நான் முழுசாகப் பேசி முடித்த பேச்சு அது ஒன்றுதான்.

போன வருஷம் முதலாளி கடையைக் கட்டிவிட்டதால் ஊர் திரும்பினேன். திரும்பியவன் தங்கள் ஊரிலேயே இருந்திருக்கலாம். கொல்லிமலைப் பனிமூட்டம் ஆரிமா மாதிரியே இருக்கிறது என்று சொல்லி மிளகுக் காட்டை வாங்கிப் பாவாயியையும் மலையேற்றினேன். அவள் வாயைத் திறக்காமல் வந்தாள். நான்தான் வாயை மூடவில்லை. காலையில் பல் விளக்கும்போது குசாத்சு, கேழ்வரகுக் களி கிண்டும்போது கினோசாகி, மிளகு காய வைக்கும்போது ஆரிமா. அந்த மலையில் எல்லாம் இருக்கிறது, இந்த மலையில் வெந்நீர் ஊற்று இல்லையே என்று ஓயாமல் புலம்பி, கடைசியில் ஊற்று இல்லாவிட்டால் என்ன, நாமே ஒன்று வைப்போம் என்று தங்கள் கொப்பரையில் வந்து நின்றேன்.

கல் கூட்டி, மேலே கொப்பரையை ஏற்றி, சுற்றிலும் மூங்கில் தட்டி கட்டினேன். கீழே இருக்கிற சுனையிலிருந்து மேட்டுக்கு நாற்பத்தைந்து குடம் தண்ணீர் சுமந்தது பாவாயி. விறகு பிளந்ததும் பாவாயி. நான் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன். முதல் நாள் அடியில் பலகை போட மறந்துபோய் இறங்கி உட்கார்ந்தேன். எப்படி எழுந்தேன் என்பதை வாத்தியார் முன்னால் எழுத முடியாது. மறுநாள் பலாப் பலகை ஒன்றைப் போட்டுக்கொண்டேன், அதற்குப் பிறகு ஒரு மாதம் சொர்க்கம்.

வினை மாதனை விருந்துக்குக் கூப்பிட்டதில் தொடங்கியது. அவரும் அவர் பங்காளிகள் மூன்று பேரும் வந்தார்கள். வெளியே நன்றாகத் தேய்த்துக் குளித்து, அழுக்குப் போன பிறகுதான் உள்ளே இறங்க வேண்டும், அங்கே அதுதான் முறை, அதனால்தான் எத்தனை பேர் இறங்கினாலும் தண்ணீர் தெளிவாக இருக்கும் என்று நான் விளக்கினேன். மாதன் யோசித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, குளிச்சுப்போட்டு எதுக்குங்க மறுக்காக் குளிக்கோணும்?"

நான்கு பேரும் தலையில் வைத்த எண்ணெயோடும் தேய்த்த அரப்புத் தூளோடும் அப்படியே இறங்கினார்கள். மூன்று நிமிஷம் என்று நான் உத்தரவு கொடுத்தேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஒரு மணி நேரம் ஊறி, கும்மிப்பாட்டு முழுவதும் பாடி, இப்படி ஒரு சுகத்தைக் கல்யாணத்தில்கூடக் கண்டதில்லை என்று சொல்லி எழுந்து போனார்கள். தண்ணீர் கம்மங்கூழ் நிறத்துக்கு வந்திருந்தது. மாதனின் அரைஞாண் கயிறு மிதந்துகொண்டிருந்தது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். ஆரிமாவில் நாங்கள் தங்கிய விடுதிக்காரர் வீட்டில், விருந்தாளி முதலில், வீட்டுத் தலைவர் பிறகு, வீட்டுக்காரம்மாள் எல்லாருக்கும் கடைசியில் என்று ஒரு வரிசை உண்டு. ஜப்பான் முறை பிசகக் கூடாது என்று நானும் அதே வரிசையை இங்கே வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் மாதன் கூட்டம் போன பிறகு நான் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, பாவாயியைக் கூப்பிட்டு, இனி உன் முறை என்று பெரிய மனது பண்ணிச் சொன்னேன். அவள் வந்து கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பன்னண்டு வருசம் நீங்க அங்க ஊறுனீங்க, நான் இங்கக் காஞ்சனுங்க. ஊடு வந்து சேந்தப்புறமும் எனக்குக் கசடுதானுங்களா?"

சத்தம் போடவில்லை மாமா. போட்டிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன். மறுநாள் காலையில் களி கிண்டி மூடி வைத்துவிட்டு, தனியாக மலையிறங்கித் தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்றைக்குப் பதினெட்டு நாள் ஆகிறது. அந்த விடுதிக்காரம்மாள் கடைசியில் இறங்கும்போது தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது நான் நினைத்துப் பார்த்ததுண்டா என்று இந்தப் பதினெட்டு நாளும் யோசித்தேன். இல்லை. அதற்குப் பிறகு கொப்பரையில் ஒரு நாள் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பெருமூச்சு வந்தது, சுகம் வரவில்லை.

(வாத்தியார் ஐயா, இங்கிருந்து உரத்து.) தாங்கள் மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. கல்யாணமான வருஷம் தலைதீபாவளிக்கு வந்தபோது வீடு நிறைய உறவு, அண்டா போதாமல் இந்தக் கொப்பரையில்தான் எல்லாருக்கும் வெந்நீர் காய்ச்சினீர்கள். எனக்கு ஊற்றச் சொல்லிப் பாவாயியை அனுப்பினார்கள். அவள் வெட்கத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றினாள். பாதி மண்ணில் போயிற்று, ஒரு சொம்பு காதில் போயிற்று, மிச்சம் என் முதுகில் விழுந்தது. வெந்நீரில் அடுப்புப் புகையும் வெல்லப் பாகும் கலந்த வாசனை. பனி கொட்டிய அன்றைக்கு ஆரிமாவில் அத்தனை சுகத்தில் உட்கார்ந்துகொண்டு நான் நினைத்தது அந்தத் தண்ணீரைத்தான். ஜப்பான் முழுக்கச் சுற்றியும் அந்த வாசனை எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால்தான் மலையில் வேறு பாத்திரம் பார்க்காமல் பொய் சொல்லியாவது இந்தக் கொப்பரையை வரவழைத்தேன். இதை ஊர் திரும்பிய அன்றைக்கே பாவாயியிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆரிமாவைப் பற்றி ஆயிரம் தடவை சொன்னவன் இதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் ஒரு மடையன்.

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி என்னை மன்னிக்க வேண்டும். தைப்பொங்கல் வெல்லத்துக்குக் கொப்பரை வேண்டும் என்று தெரியும். இன்றைக்கே நானே குடம் எடுத்துத் தண்ணீர் சுமந்து, நிறைய ஊற்றிக் கொதிக்கவிட்டிருக்கிறேன், ஆறியதும் கொட்டிவிட்டுப் புளியும் சாம்பலும் போட்டு மூன்று தடவை தேய்ப்பேன். புதன்கிழமை எட்டு ஆட்களோடு கொப்பரை தங்கள் ஆலைக்கு வந்து சேரும், பின்னாலேயே நானும் வந்து தங்கள் வாசலில் நிற்பேன். இனி ஜப்பான் என்ற பேச்சு என் வாயில் வராது, சத்தியம். பாவாயி வந்தால் போதும். அத்தையின் காலுக்கு நமஸ்காரம், முழங்காலுக்கு இத்துடன் நொச்சி இலை அனுப்பியிருக்கிறேன். பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசீர்வாதமும், உரத்து வாசித்த வாத்தியார் ஐயாவின் தொண்டைக்கு ஒரு பிடி மலை மிளகும் சேர்க.

இப்படிக்கு, தங்கள் ஆசியை நம்பியிருக்கிற மருமகன்,
அர்த்தனாரி.

பி.கு.: கடிதத்தை மடிக்கப் போகும்போது பாவாயியே வந்து நின்றாள். கொப்பரையைக் கையோடு வாங்கி வா என்று தாங்கள்தான் அனுப்பினீர்களாம், சந்தைக்கு வந்த மாதனோடு மலையேறி வந்திருக்கிறாள். மார்கழிக் குளிரில் கால் விறைத்திருந்தது. மேலே கண்ட கடிதத்தை அவளிடம் கொடுத்தேன், தங்கள் தயவில் படித்தவள், நின்றபடியே படித்தாள். பிறகு தட்டியைத் தள்ளி, பதமாக ஆறியிருந்த தண்ணீரைப் பார்த்து, "யாராச்சும் எறங்குனாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள். ஒரு மணி நேரமாகிறது. உள்ளேயிருந்து பெருமூச்சு கேட்டது, நானும் இங்கிருந்தே ஒன்று விட்டேன். "அந்தப் பனி கொட்டுற ஊரு பேரு என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்கிறாள். ஆகவே ஜப்பான் பற்றிய சத்தியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கொப்பரை வராது, பொங்கல் வெல்லத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளவும், இதைச் சொல்லச் சொன்னது தங்கள் மகள். வரிசையையும் அவளே மாற்றிவிட்டாள். அவளுக்குப் பிறகு மாதனின் சம்சாரம், அதற்குப் பிறகு மாதனும் பங்காளிகளும், எல்லாருக்கும் கடைசியில் நான். எண்ணெய், அரப்பு எல்லாம் கலந்து தண்ணீர் ஆறிப்போயிருக்கும். பரவாயில்லை மாமா, காத்திருக்கிறேன்.