ஃபெயில் சார் புல்மேல் படையெடுத்த படலம்

வாழ்க, வாழ்க! பின்பார்வைக் கண்ணாடியைப் பார்க்க மறந்த பேதையரையும், சைகை காட்டாமல் திரும்பிய செருக்கரையும், பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்த அப்பாவிகளையும் ஒரே சிவப்புப் பேனாவால் சாய்த்துப் பணிக்காலமெல்லாம் களம்கண்ட கலங்காத் தோளர், ஓட்டுநர் உரிமத் தேர்வதிகாரியாயிருந்து ஓய்வுபெற்றவர், ஊரார் நாவில் 'ஃபெயில் சார்' என்று நிலைபெற்ற நெடும்புகழர், வாழ்க! பிறரைத் தேர்ந்து தேர்ந்து சலித்த அப்பெருந்தகை, ஒரு சனிக்கிழமைக் காலையில் தாமே தேரேறிப் புல்லின்மேல் படையெடுத்த வரலாற்றைச் சொல்லப் புகுகிறோம். கேட்பவர்கள் சற்றுத் தள்ளி நின்று கேட்பது நலம். அந்தத் தேருக்கு அடியில் கத்திகள் சுழல்கின்றன.

முதலில் பகைவர் பெருமை. வீட்டின் பின்புறத்தில், சமையலறைப் படியில் தொடங்கிக் கொஞ்ச தூரம் சமதரையாய் நடந்து, பிறகு திடீரென்று மனம் மாறியதுபோல் கீழ்நோக்கிச் சரிந்து, துணி உலர்த்தும் கம்பித்தூண்களருகே முடிந்த நிலத்தில், ஒரு வாரத்து மழையைக் குடித்துக் கொழுத்து முழங்காலளவு நிமிர்ந்து நின்றது புல். அது யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. யாருடைய எல்லைக்கும் தூதனுப்பியதில்லை. வளர்ந்ததொன்றே அது செய்த குற்றம். ஆனாலும் மாவீரர்கள் என்றைக்குத் தக்க காரணத்துக்காகக் காத்திருந்தார்கள்?

உண்மையான காரணம் வேலிக்கு அப்பால் குடியிருந்தது. நம் வீரருடைய மனைவியின் தம்பி, மருந்துக்கடைக்காரர். அவருடைய புல்தரை எப்போதும் சீவி முடித்த தலைபோல் படிந்து கிடக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சென்ற மாதம் அவர் வேலிக்கு மேலே முகத்தை நீட்டி, "அத்தான், என் வண்டி சும்மாத்தான் நிக்குது. உங்களால முடியலைன்னா சொல்லுங்க, நானே வந்து வெட்டிக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டார். முடியலைன்னா! மற்றவர் காதில் அது உதவி. ஃபெயில் சாரின் காதிலோ அது முரசொலி, மார்பில் தைத்த வேல், மூன்று இரவு உறக்கத்தைச் சூறையாடிய படை. விளைவாக, மைத்துனரின் வண்டியைவிட ஒரு சாண் அகலமான, செக்கச்செவேலென்ற, ஏறியமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியொன்று வாசலில் வந்து இறங்கியது.

இனி வீரர் போர்க்கோலம் பூண்ட சிறப்பு. தலையில் கிரிக்கெட் தொப்பி. கண்ணில், வெயிலைத் தடுக்க அல்ல, வேலிக்கு அப்பாலிருந்து பார்ப்பவர்களின் பொருட்டு, கருப்புக் கண்ணாடி. மேலே கை வைக்காத பனியன். கீழே அரைக்கால் சட்டை. அதற்கும் கீழே, கற்பனைக்கும் எட்டாத அஞ்சாமையோடு, குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பு.

சமையலறை வாசலில் அவர் மனைவி, வண்டியோடு வந்த சிறு புத்தகத்தைக் கையில் விரித்தபடி நின்றிருந்தாள்.

"ஏங்க, ஷூ போட்டுக்கணுமாம். செருப்போட ஏறக்கூடாதாம்."

"ம்."

"புல்லுக்குள்ள கல்லு, கம்பி எதாவது கிடந்தா முதல்லயே பொறுக்கிடணுமாம். கத்தி பட்டா குண்டு மாதிரி தெறிக்குமாம். புல்லு ஈரமா இருந்தா ஓட்டவே கூடாதுன்னு பெருசா போட்டிருக்கான். கொஞ்சம் வெயில் ஏறட்டுமே?"

அவர் ஒரு காலைத் தேரின்மேல் வைத்து, மலையுச்சியில் நின்று நாட்டைப் பார்ப்பவர்போல் பார்த்து, முழங்கினார்: "எத்தனை ஆயிரம் பேருக்கு நான் வண்டி ஓட்டக் கத்துக் குடுத்திருக்கேன், தெரியுமா உனக்கு?"

உண்மையில் அவர் ஒருவருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. கற்றுவந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இருப்பினும் பேருரைகளில் இப்படிப்பட்ட நுட்பங்களை யார் பார்க்கிறார்கள்? மனைவி புத்தகத்தை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு, கல் பொறுக்கத் தானே இறங்கினாள்.

உறுமியது தேர். கார்முகில் இரண்டு ஒன்றோடொன்று மோதினாற்போலவும், பூட்டிய அறைக்குள் நூறு மிக்சி ஒருசேர ஓடினாற்போலவும் எழுந்த அவ்வோசையில் பறவைகள் மரம் துறந்தன; தெருநாய்கள் எல்லை துறந்தன. கத்திகள் இறங்கின. புல்லர் கூட்டம் வரிசை வரிசையாய்ச் சரிந்தது. சமதரையிலே ஒரு நெடுக்கு, ஒரு குறுக்கு, மீண்டும் ஒரு நெடுக்கு. அந்தோ, என்ன வேகம், என்ன வீறு, எத்தனை கோணல்! அவள் இன்னும் வந்து சேராத ஒரு மூலையில் ஒரு கூழாங்கல் கத்தியில் பட்டுச் சீறிப் பாய்ந்து, படியோரம் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியப் பாத்திரத்தை 'டங்' என்று துளைத்துக்கொண்டு போயிற்று. வீரர் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெற்றி முரசென்று கொண்டிருப்பார்.

ஆயினும் அவருக்கு ஒரு குறை இருந்தது. வென்ற நிலத்தை எழுந்து நின்று பார்க்க வேண்டும் என்பது வென்றவர்களின் இயல்பு. அவர் எழுந்தார், எஞ்சின் அணைந்தது. உட்கார்ந்து முடுக்கினார், ஓடியது. மறுபடி எழுந்தார், மறுபடி அணைந்தது. வேலிக்கு அப்பால் காப்பிக் கோப்பையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் இதையெல்லாம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வண்டி இது! புதுசுலயே கோளாறு!" என்று கர்ஜித்தார் ஃபெயில் சார்.

"கோளாறில்லைங்க," என்றாள் மனைவி, நிமிராமலே. "சீட்டுல ஆள் இல்லைன்னா நிக்கிற மாதிரிதான் வச்சிருக்கான். விழுந்துட்டா கத்தி மேல ஏறக்கூடாதில்ல?"

விழுந்துட்டா! முன்பு ஒரு முடியலைன்னா, இப்போது ஒரு விழுந்துட்டா. ஒரே வயிற்றில் பிறந்த அக்காளும் தம்பியும் சேர்ந்துகொண்டு ஒருவரை எத்தனைமுறைதான் கொல்வார்கள்? அவர் உள்ளே போனார். பணிக்காலத்தில் அணிந்த, பித்தளைக் கொக்கி பளபளக்கும் இடுப்பு வாரைப் பீரோவிலிருந்து எடுத்துவந்தார். இருக்கையைச் சுற்றி அதை வளைத்து, முழங்காலை ஊன்றி அழுத்தி, கடைசித் துளைவரை இறுக்கினார். இனி யார் அமர்ந்தாலும் அமராவிட்டாலும், இருக்கை தன்மேல் ஓர் ஆள் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். பணிக்காலத்தில் அவருடைய நாற்காலியும் அப்படித்தான் நம்பியிருந்தது என்று அலுவலகத்தில் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பழிச்சொல்லை நாம் வழிமொழியவில்லை.

எழுந்தார், எஞ்சின் ஓடியது. இடுப்பில் கைவைத்து நின்றார், அப்போதும் ஓடியது. ஆகா! இயந்திரம் பணிந்தது. எஞ்சியிருந்தது சரிவு.

சரிவில் இந்த வகை வண்டியை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் நேராக ஓட்ட வேண்டும். குறுக்கே ஓட்டினால் ஒருபக்கம் சாயும். இதை மனைவி இடுப்பிலிருந்த புத்தகம் சொல்லியிருந்தது. வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் படம் சொல்லியது. இப்போது கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்த மைத்துனரும் சொன்னார்.

"அத்தான்! குறுக்க போகாதீங்க! நேரா இறக்குங்க! ஈரமா இருக்கு அத்தான்!"

ஒருவேளை அவர் சொல்லாதிருந்தால் நம் வீரர் நேராகவே இறங்கியிருக்கலாம். சொன்னபிறகு எப்படி இறங்குவது? "மருந்து மடிக்கிற வேலையைப் பாருங்க மாப்ளே!" என்று ஒரு பேரறைகூவலை வேலிமேல் எறிந்துவிட்டு, ஸ்டீயரிங்கை ஒடித்து, சரிவின் குறுக்கே தேரைச் செலுத்தினார்.

கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு மேற்பக்கத்துச் சக்கரம், யாரையும் கேட்காமல், தரையைவிட்டு மெல்ல எழுந்தது. கீழ்ப்பக்கத்துச் சக்கரம் ஈரப்புல்லில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கியது. சீறிவரும் சிங்கத்துக்கும் சிமிட்டாத அவர் கண்கள் கருப்புக் கண்ணாடிக்குள் அகல விரிந்தன. பிரேக்கை மிதித்தார்; தேர் பிரேக்கோடு சேர்ந்தே சறுக்கியது. அடுத்து அவர் செய்ததை வீரநூல்கள் 'பாய்ந்தார்' என்று எழுதும். பார்த்தவர்கள் விழுந்தார் என்றே சொல்கிறார்கள். மேட்டுப் பக்கமாய் உருண்டார். வலக்காலின் செருப்பு மட்டும் அவரோடு வர மறுத்துக் கத்திக்கடியில் போயிற்று. பொடிப்பொடியாய் நீலத் துணுக்குகள் வெளியே பறந்தன.

எழுந்தால் அணையும் எஞ்சின் அணையவில்லை. இருக்கையில் இன்னும் ஓர் ஆள் இருந்தார், பித்தளைக் கொக்கியோடு. எழும்பிய சக்கரம் தொப்பென்று தரையில் விழ, வண்டி மூக்கைக் கீழே திருப்பிக்கொண்டு, கத்தி சுழல, ஆளில்லாமல் சரிவில் ஓடியது.

அங்கே, கம்பித்தூணருகே, இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்து, அவர் மனைவி கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வண்டிச் சத்தம் காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான். அது தன்னை நெருங்குகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஃபெயில் சார் வாயைத் திறந்தார். பேருரைகள் பிறந்த அந்தத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. மீண்டும் திறந்தார். "ஏய்... ஏய்... இந்தாம்மா..." என்று, தூக்கத்தில் பிதற்றுபவர்போல் ஏதோ வந்தது. வேலிப் பக்கத்திலிருந்துதான் முழுக்குரல் எழுந்தது.

"அக்கா! தள்ளு!"

அவள் என்ன ஏதென்று திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியின் குரலிலிருந்த ஏதோ ஒன்று அவளை வாளியோடு தூணுக்குப் பின்னால் எறிந்தது. மறுகணம் வண்டி அவள் நின்ற இடத்தைக் கடந்து, கொடியில் தொங்கிய இரட்டைப் படுக்கை விரிப்பை வாரி இழுத்துச் சுருட்டி விழுங்கி, தூணில் மோதி, நெஞ்சடைத்ததுபோல் இருமி, நின்றது.

அந்த அமைதியில் அவள்தான் முதலில் அசைந்தாள். வண்டியருகே போய்ச் சாவியைத் திருகி உருவினாள். பிறகு சரிவேறி, புல்லில் உட்கார்ந்திருந்த கணவரிடம் வந்தாள்.

"காலைக் காட்டுங்க."

காட்டினார். அவள் மண்டியிட்டு, சேற்றைத் தன் முந்தானையால் துடைத்து, விரல்களை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தாள். "அஞ்சும் இருக்கு," என்றாள். பிறகு மறுபடியும் முதல் விரலிலிருந்து எண்ணியதை அவர் பார்த்தார். அவருக்குள் ஒன்று குழைந்து உடையவிருந்தது. உடைந்திருந்தால் இந்தக் காவியம் அவரை மன்னித்திருக்கும்.

"வண்டில பிரேக் சரியில்லை," என்றார் அவர்.

வேலியைச் சுற்றி மூச்சிரைக்க ஓடிவந்த மருந்துக்கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் வண்டிப் பக்கம் நடந்தார். பின்பு அவள் இருக்கையிலிருந்த வாரை அவிழ்த்துக் கணவர் மடியில் போட்டாள். தம்பி உதவ, கத்தியில் சிக்கிய விரிப்பைத் துண்டு துண்டாய் எடுத்தாள். மீதமிருந்த கற்களைப் பொறுக்கினாள். வெயில் ஏறிப் புல் உலரும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள். கணவரின் பழைய அலுவலக ஷூவுக்குள் துணியை அடைத்து மாட்டிக்கொண்டு, வண்டியில் ஏறினாள்.

இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில், கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, உரிமம் கேட்டுத் தேர்வுக்களத்துக்கு வந்தவள் இவள். ரிவர்ஸ் எடுக்கும்போது டயர் கோட்டைத் தொட்டதென்று இவளை வீழ்த்தியவர் வேறு யாருமல்லர். 'பெண்டாட்டின்னு பாக்கலையே நான்!' என்று விருந்துதோறும் அவர் மார்தட்டும் அறவெற்றி அது. அவள் அதற்குப்பின் எந்த ஸ்டீயரிங்கையும் தொடவில்லை, அன்றுவரை.

அவள் ஓட்டினாள். சரிவில் நேராய் இறங்கினாள், நேராய் ஏறினாள். பின்னால் எடுக்குமுன் ஒவ்வொரு முறையும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அழகாய் ஓட்டினாள் என்று சொல்வதற்கில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். கோபத்தில் ஓரத்து ரோஜாச் செடியொன்றையும் சேர்த்து வெட்டினாள். இடையிடையே முதுகு குலுங்கியது. அழுகையா, எஞ்சினா என்று தெரியவில்லை.

படியில் உட்கார்ந்திருந்த ஃபெயில் சார், கண்களை இடுக்கி, ஒரு பிழை, ஒரேயொரு பிழை கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தார். வலக்கை தன்னையறியாமல் பனியனில் இல்லாத பையைத் தடவிப் பேனாவைத் தேடியது. கத்தியை நிறுத்தி, பிரேக்கை இழுத்துப் பூட்டி, சாவியை எடுத்துவிட்டு அவள் இறங்கியபோது, உலகம் எதிர்பார்த்து நின்ற தீர்ப்பை அவர் வழங்கினார்.

"திரும்புறப்ப கொஞ்சம் அகலமாத் திரும்பிட்டே."

மருந்துக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். அவள் சாவியை முந்தானை முனையில் முடிந்துகொண்டு, சுவரில் சாய்ந்திருந்த துடைப்பத்தைக் கணவர் கையில் கொடுத்தாள்.

"வெட்டினதைக் கூட்டி அள்ளுங்க. ஷூ போட்டுக்கிட்டு."

களத்தில் கிடந்த எண்ணற்ற பசும்பிணங்களையெல்லாம், நீலச் செருப்புத் துணுக்குகளோடும் பூப்போட்ட விரிப்பின் கந்தல்களோடும் கூட்டிக் குவித்து, வெற்றிவாகை சூடவேண்டிய முடியில் வியர்வை சூடி, கூடை கூடையாய்ச் சுமந்து, மைத்துனர் காணப் பலமுறை நடந்து, அப்பெருந்தகை போர்க்களத்தைத் துப்புரவு செய்து முடித்தார்.

அடுத்த வாரம் புல் மறுபடியும் வளர்ந்துவிட்டது.