ஃபென்னர்பியில் உயராத ஒரு கை

உலக மக்கள் அனைவருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்ற மாபெரும் கேள்வி லண்டனில் தீர்மானிக்கப்படவில்லை. லிங்கன்ஷைரில், ஃபென்னர்பி கிராமத்துக் கூடத்தில், இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், தேநீருக்கும் கேரட் கேக்குக்கும் நடுவே அது தீர்மானிக்கப்பட்டது.

மெர்வின் கட்ஃபோர்த் அப்படித்தான் நம்பினார்.

மெர்வின் வாய்க்கால் வாரியத்தில் தலைமை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டே வாழ்க்கையைக் கழித்தவர். தண்ணீரும் பெரும்பாலும் சொன்னபடி கேட்டது. மனிதர்கள் மட்டும் ஏன் கேட்பதில்லை என்பதுதான் அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

எங்கள் ஊரில் விவாதத்துக்கு ஒரு முறை உண்டு. முதல் செவ்வாயன்று, பேச்சே இல்லாமல், கை மட்டும் தூக்கச் சொல்வார்கள். அடுத்த செவ்வாய் விவாதம். அது முடிந்ததும் மறுபடி கை. எந்தப் பேச்சாளர் பக்கம் கை கூடியிருக்கிறதோ அவருக்கு வெள்ளி முலாம் பூசிய கோப்பை. சமமாக வந்தால் தலைவி தன் ஓட்டை 'இருப்பது இருந்தபடி இருக்கட்டும்' என்ற பக்கத்துக்குப் போட்டாக வேண்டும். இடைப்பட்ட வாரத்தில் மதுக்கடையிலோ தபால் நிலையத்திலோ யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. அடிதடி வந்துவிடும் என்பதற்காக அல்ல. சங்கடம் வந்துவிடும். சங்கடத்துக்கு அடிதடி எவ்வளவோ மேல் என்று நினைக்கிறவர்கள் நாங்கள்.

இந்த முறை 'வெளியேறலாம்' என்ற பக்கத்துக்குப் பேசப்போகிறவர் மெர்வின். முதல் செவ்வாயன்று தலைவி மிஸ் ப்ளேட்ஸ் கைகளை எண்ணினார். சந்தேகப்பட்டு இன்னொரு முறை எண்ணினார்.

"சரிசமம்," என்றார். "ஆனா ஒருத்தர் ரெண்டு பக்கத்துக்கும் கை தூக்கலை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மாரியன் கட்ஃபோர்த் உட்கார்ந்திருந்தாள். மெர்வினின் மனைவி.

"மறந்துட்டீங்களா, மாரியன்?"

"இல்லையே. நான் இன்னும் முடிவு பண்ணலை."

எதிர்த்தரப்புப் பேச்சாளர் ரூபர்ட் லெகேட், ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், தொடையைத் தட்டிச் சிரித்தார். "என்ன மெர்வின், சொந்த வீட்டுலயே மெஜாரிட்டி இல்லையா?"

ஆக, ஐரோப்பாவின் தலைவிதி ஒரே ஒரு கையில் இருந்தது. அந்தக் கை தினமும் மெர்வினுக்கு முட்டை வேகவைத்துக் கொடுக்கிற கை. அது எதிர்ப்பக்கம் உயர்ந்தாலும் தோல்வி, உயராமலே இருந்தாலும் தோல்வி. சொந்த மனைவியை நம்பவைக்க முடியாதவர் என்ற பெயரோடு அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊருக்குள் நடப்பது?

மறுநாள் காலை உணவிலேயே மெர்வின் ஆரம்பித்தார்.

"நாப்பத்து மூணு வருஷம், மாரியன்! நம்மளைக் கேக்காமலே நமக்குச் சட்டம் போடறாங்க. என்ன வாங்கணும், எப்படி வாழணும், எல்லாத்துக்கும் ஒரு விதி!" என்று முழங்கிக்கொண்டே, அவள் கெட்டிலில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் பாதியைத் தொட்டியில் கொட்டினார். இரண்டு கோப்பை தேநீருக்கு இரண்டு கோப்பைத் தண்ணீர்தான் என்பது அவர் கண்டிப்பு.

"நம்ம நல்லதுக்குத்தான் சொல்றாங்களோ என்னவோ," என்றாள் மாரியன்.

"நல்லதுக்குத்தான்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க! நல்லது எதுன்னு நீயே தீர்மானிக்கணும். அதுக்குப் பேருதான் சுதந்திரம்!"

மாரியன் ரொட்டியைக் கடிப்பதை நிறுத்தினாள். "அதை இன்னொரு தடவை சொல்லு."

மெர்வின் இன்னும் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது அவள் தோட்டத்தில் இருந்தாள்.

அதிலிருந்து அவளுக்குக் கேள்விகள் முளைத்தன. துணி உலர்த்தும்போது ஒன்று, பட்டாணி உரிக்கும்போது ஒன்று.

"பழகிப்போனதை விட்டுட்டுப் போறது கஷ்டமில்லையா?"

"முதல்ல கொஞ்ச நாள் கஷ்டமாத்தான் இருக்கும். அப்புறம் மூச்சு விடலாம்."

"தனியாச் சமாளிக்க முடியுமா?"

"முடியாதுன்னு அவங்க நம்மளை நம்ப வெச்சிருக்காங்க. அதுதான் அவங்க சாமர்த்தியம்!"

அவள் "ம்" என்றாள். அந்த "ம்" மெர்வினுக்குப் பிடிக்கவில்லை. இதெல்லாம் லெகேட் கேட்கிற கேள்விகள் ஆயிற்றே. மாரியன் தேவாலயத்துப் பாட்டுக் குழுவில் பாடுகிறாள், அங்கே அடிக்குரல் பாடுகிறவன் அந்த மாட்டு டாக்டர். அவன்தான் சொல்லிக்கொடுக்கிறான், புரிந்துவிட்டது.

சலுகை கொடுத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார். சனிக்கிழமை காலை, கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக, தேநீர் போட்டுப் படுக்கைக்கே கொண்டுபோனார்.

மாரியன் பதறி எழுந்து உட்கார்ந்தாள். "யாரு செத்துப்போனா?"

"யாரும் சாகலை. உனக்காகப் போட்டேன்."

"இத்தனை வருஷம் இல்லாம இப்ப எதுக்கு?"

மெர்வினுக்குப் பொய் சொல்ல வராது. அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்வார். "உன் கை வேணும், மாரியன். செவ்வாய்க்கிழமைக்கு."

"அதானே பார்த்தேன்," என்று கோப்பையைத் தள்ளி வைத்தாள். தேநீர் அப்படியே ஆறிப்போனது.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. விவாதத்தைப் பற்றித்தான் பேசக் கூடாது. தேநீரைப் பற்றிப் பேசத் தடையில்லை. மாலையில் வாசலில் ஒரு தேயிலைப் பொட்டலம் கிடந்தது. 'செலவுக்கு உதவும். அன்புடன், ரூபர்ட்.'

மெர்வினுக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஆளை மாரியன் கண் எதிரிலேயே மண்ணைக் கவ்வ வைத்தால்தான் சரிப்படும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு லெகேட்டை அழைத்தார். மாட்டிறைச்சி வறுவலும் உருளைக்கிழங்குமாக லெகேட் ஒரு கட்டு கட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வாதத்துக்கு வந்தார்.

"மாரியன், வெளிய போறேன்னு சொல்றது சுலபம். இந்த வயசான தேசம் தனியாப் போய் என்னத்தைக் கிழிக்கும்? யாரு சேத்துப்பாங்க?"

மாரியன் குழம்புக் கிண்ணத்தை நங்கென்று வைத்தாள். "வயசானா என்னவாம்? வயசானவங்க வெளிய போகக் கூடாதுன்னு சட்டமா?"

"அய்யோ, நான் நாட்டைச் சொன்னேன்..."

"எனக்கும் காது நல்லாத்தான் கேக்குது, ரூபர்ட்."

லெகேட் உருளைக்கிழங்குக்குத் திரும்பினார். மெர்வின் மேஜைக்கு அடியில் முஷ்டியை உயர்த்தி வெற்றியைக் கொண்டாடினார். கொண்டாட்டம் அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"உன்கிட்டயும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, மெர்வின்," என்றாள் மாரியன். "இங்க கேட்டா நீ பேசிச் சமாளிச்சுடுவே. கூடத்துல, எல்லார் முன்னாடியும் கேக்கறேன்."

மெர்வின் புட்டிங்கை விட்டுவிட்டுப் பேச்சைத் திருத்தி எழுதப் போனார்.

செவ்வாய்க்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. லெகேட் வர்த்தகம், சமாதானம் என்று பேசி அமர்ந்தார். மெர்வின் எழுந்தார். நூறு பேர் இருந்த கூடத்தில் அவர் மூன்றாம் வரிசையை மட்டும் பார்த்துப் பேசினார். தன் வாழ்நாளில் மனைவியின் முகத்தை அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்தது அன்றுதான்.

"நம்மைக் கேளாமல் நமக்காக முடிவெடுக்கிறவர்களுக்கு நாம் எதற்காகத் தலையாட்ட வேண்டும்? நம் வீட்டு ஜன்னலை எப்போது திறப்பது என்பதைக்கூட நாம் தீர்மானிக்க முடியாதென்றால், அது என்ன வாழ்க்கை?"

கைதட்டல் ஓய்ந்ததும் மாரியன் எழுந்தாள். மெர்வின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் முன்கூட்டியே அறிவிப்புக் குடுத்து, உக்காந்து பேசி, அப்புறம்தான் வெளிய போகணும்கறாங்களே. அப்படித்தான் செய்யணுமா?"

மெர்வினுக்கு மூச்சு வந்தது. இது அவர் தூக்கத்தில்கூடப் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

"அறிவிப்பாவது மண்ணாவது! பேச உக்காந்தா, பேசிப் பேசியே நம்மளை மறுபடி உள்ள இழுத்துடுவாங்க. முடிவு பண்ணியாச்சுன்னா அன்னிக்கே கிளம்பிடணும்!"

"அப்புறம் தப்புப் பண்ணிட்டோம்னு தோணிச்சுன்னா?"

"தோணாது, மாரியன்! வெளிக்காத்து பட்டவங்களுக்கு அது தோணவே தோணாது!"

கூரை அதிரக் கைதட்டினார்கள். மாரியன் உட்காரவில்லை. "நன்றி," என்றாள். "எனக்கு இனிமே சந்தேகமே இல்லை."

மிஸ் ப்ளேட்ஸ் 'வெளியேறலாம்' என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். மூன்றாம் வரிசையில் மாரியனின் கை உயர்ந்தது. நேராக, தயக்கமில்லாமல்.

ஒரு கை வித்தியாசத்தில் மெர்வின் வென்றார். லெகேட்கூட வந்து கைகுலுக்கி, "மாரியனையே நம்ப வெச்சுட்டியே, நீ ஆள்தான்யா!" என்றார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கோப்பையோடு படம் எடுத்தார். மெர்வின் நன்றியுரை ஆற்றினார். அது போதாதென்று தோன்றவே இன்னொன்றும் ஆற்றினார். கேக் தீர்ந்து, கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்குகிற சத்தம் கேட்டபோதுதான் மூன்றாம் வரிசை காலியாக இருப்பதைப் பார்த்தார்.

தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த டோரீனிடம் போனார்.

"மாரியனைப் பார்த்தீங்களா?"

"அவங்க அப்பவே கிளம்பிட்டாங்களே, கண்ணு."

"வீட்டுக்கா?"

"வீட்டுக்குப் போய் ஒரு பெட்டி எடுத்துக்கிட்டு, கடலோரம் ஸ்கெக்னஸ்ல இருக்கற அவங்க அக்கா வீட்டுக்கு. எங்க வீட்டுக்காரர்தான் வேன்ல கூட்டிட்டுப் போறார். இந்நேரம் நம்ம பாஸ்டன் டவுனைத் தாண்டியிருப்பாங்க."

"எப்ப வருவா?"

டோரீன் கையைத் துடைத்துக்கொண்டாள். "வர மாட்டாங்களாம். முன்கூட்டிச் சொன்னா பேசிப் பேசியே உள்ள இழுத்துடுவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாமே. நீங்க பேசினதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்லைன்னாங்க."

மெர்வின் பரிசுக் கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். கடைசியில் பிடித்துக்கொள்ள ஒன்றே ஒன்று அகப்பட்டது.

"அப்போ அடுத்த வாரம் நிஜமான ஓட்டுலயும் வெளியேறணும்னுதானே போடுவா?"

"நாட்டைப் பத்தி இன்னும் முடிவு பண்ணலையாம்," என்றாள் டோரீன்.