வாயை மூடப் பழகும் தம்பி அக்காவுக்கு எழுதியது

என்றும் என் மரியாதைக்குரிய அக்காவின் சமூகத்திற்கு, உடன்பிறந்த தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே அத்தானும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன்.

நீ பள்ளிக்கூட விடுமுறைக்கு இங்கே வரப்போவதாகவும், பெட்டி நிறைய படஅட்டைகள் வாங்கிவிட்டதாகவும், உன் மருமகளைப் பத்தே நாளில் "அத்தை" என்று கூப்பிட வைத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவதாகவும் எழுதியிருந்தாய். தலைமை ஆசிரியையான உன் திறமையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனாலும் இப்போதைக்கு நீ வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோபப்படாமல் முழுக்கப் படி.

குட்டிம்மாவுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதும் பேச்சுப் பயிற்சிக்குப் போனோம் இல்லையா? பிள்ளையை உள்ளே விட்டுட்டு வெளியே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம்னு நினைச்சேன். பயிற்சி கொடுக்கிற அம்மா, "நீங்களும் உள்ளே வாங்க சார், பயிற்சி உங்களுக்குத்தான்"னுட்டாங்க. எனக்கா? டிரைவிங் ஸ்கூல்ல காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கிளட்ச், பிரேக், கண்ணாடியைப் பாருன்னு கத்தியே குடும்பம் நடத்துறவன் நான், எனக்குப் பேச்சுப் பயிற்சியான்னு சிரிச்சேன். பேச இல்லையாம், பேசாம இருக்கவாம். தரையில பிள்ளைக்கு எதிரே உட்காரணும், அவ செய்றதையே நாமும் செய்யணும், கேள்வி கேட்கக்கூடாது, ஒண்ணு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுக் காத்திருக்கணும். அக்கா, உனக்கும் எனக்கும் இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

குட்டிம்மா பாட்டில் மூடியைச் சுழற்றினா நானும் தரையில குப்புறப் படுத்து மூடி சுழற்றினேன், அவ "ஊ"ன்னா நானும் "ஊ"ன்னேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் மோட்டாரைப் பத்திச் சொல்ல வந்த வீட்டுக்காரர் அப்படியே வாசல்ல நின்னுட்டு, என் பெண்டாட்டிகிட்ட ரகசியமா, "சாருக்கு எப்போலேர்ந்தும்மா?"ன்னு கேட்டுட்டுப் போனார். அதாவது பரவாயில்லை. பழகின வாயடக்கம் வேலைக்கும் கூடவே வந்துடுச்சு. புதுசா கார் ஓட்டப் பழகுற பல் டாக்டர் ஒருத்தர், வளைவுல திருப்பாம நேரா போறார். நானோ அவர் முகத்தையே ஆசையா பார்த்துக்கிட்டுக் காத்திருக்கேன், அவரோ வாத்தியார் சும்மா இருக்காரே, நாம சரியாத்தான் ஓட்டுறோம்னு நடைபாதையில ஏறித் தையற்கடை வாசல்ல கொண்டுபோய் நிறுத்திட்டார். என் பக்கத்து பிரேக்கை நான் மிதிச்சதே கடைசி நொடியிலதான். டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு வெளியே வந்த டெய்லர், "அளவு எடுக்கணுமா சார்?"னு கேட்கிறார். "சொல்ல வேண்டாமா?"ன்னு டாக்டர் பாய, "நீங்களா ஆரம்பிப்பீங்கன்னு பார்த்தேன்"னு நான் வழிய, முதலாளி அன்னைக்கு விட்ட டோஸை இங்கே எழுத முடியாது.

இதெல்லாம் வேண்டாத வேலைன்னு சண்டை போடத்தான் அடுத்த தடவை போனேன். நாங்க குட்டிம்மாவோட விளையாடினதை, முதல் தடவை போனப்பவே, சொல்லிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த அம்மா வீடியோ எடுத்து வெச்சிருந்தாங்க. "சத்தத்தை அணைச்சிட்டுப் பாருங்க சார்"னு அதைப் போட்டாங்க. நீயும் பார்த்திருக்கணும் அக்கா. குட்டிம்மா மூடியை மெதுவா என் முட்டிகிட்ட தள்ளி வெச்சுட்டு, தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கிறா. நானோ வேற எங்கேயோ பார்த்துக்கிட்டு வாயை ஆட்டிக்கிட்டே இருக்கேன். என்ன கலர், சிவப்பு சொல்லு, எங்கே சொல்லுன்னு ஏதோ கேட்டிருப்பேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிறா. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் தள்ளுறா, மறுபடியும் பார்க்கிறா, நான் மறுபடியும் ஆட்டுறேன். என் பெண்டாட்டி புடவைத் தலைப்பை வாயில வெச்சுக்கிட்டா. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. என் பொண்ணு பேசலை, பேசலைன்னு ஊரெல்லாம் புலம்பினேனே, அவ என்கிட்ட பேசிக்கிட்டேதான் இருந்திருக்கா! இத்தனை பெரிய விஷயம் என் மூக்குக்கு நேரே நடந்திருக்கு, எனக்குத் தெரியலை.

அன்னைக்கே வீட்டுக்கு வந்து வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். நாக்கு அரிச்சுது, பொறுத்துக்கிட்டேன். மூடி வந்துது, முகம் நிமிர்ந்துது, அந்தக் கண்ணு என்னை நேரா பார்த்துது. "சுத்து"ன்னு மட்டும் சொல்லிச் சுழற்றிவிட்டேன். அவ சிரிச்சா அக்கா. வெறும் மூடி, அதுக்கு அப்படி ஒரு சிரிப்பு. எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும்போல இருந்துது.

ஆகவே, இந்த வீட்டில் இப்போது சத்தம் கூடாது. உன் குரலுக்கு மைக் தேவையில்லை என்பது ஊரறிந்த விஷயம். என் வாயை நான் முற்றிலும் அடக்கிவிட்டேன், உன்னையும் சேர்த்து அடக்க என்னால் ஆகாது. அத்தானுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும்.

உன் பாதம் பணியும்,
தம்பி

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் ரத்து. கையெழுத்து போட்டுக்கிட்டு இருக்கும்போதே குட்டிம்மா வந்து என் விரலைப் பிடிச்சு ஜன்னலுக்கு இழுத்துக்கிட்டுப் போனா. எதிர் கட்டடத்துல ஒருத்தர் ஏணி மேல நின்னு கண்ணாடி கழுவுறார், சோப்பு நுரை வழியுது. குட்டிம்மா நுரையை நோக்கி விரலை நீட்டிட்டு என்னைப் பார்த்தா. வேணும்னு இல்லை அக்கா, பாருன்னு! இதுவரைக்கும் அவ எதையும் அப்படிக் காட்டினதே இல்லை. அடக்கின வாயாவது ஒண்ணாவது, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "ஐயோ பாருடி, நுரைடி, எம் பொண்ணு காட்டுறாடி"ன்னு பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கத்தித் தீர்த்துட்டேன். கெடுத்துட்டேன், பயந்து ஓடிடுவான்னு நினைச்சேன். ஓடலை. என் விரலை விடாம, நான் கத்தி முடிக்கிற வரைக்கும் எனக்காகக் காத்திருந்தா. அப்புறம் மறுபடியும் கையை நீட்டினா. நீ உடனே கிளம்பி வா.