கும்பளங்கிக்குப் போன எஞ்சின்

இந்த வருஷம் தன் வரவேற்புரையைக் கடைசி வரிவரை படித்தே தீருவது என்று வைத்தீஸ்வரன் காலைக் காப்பியோடு சபதம் எடுத்தார்.

கும்பளங்கிக்கு அப்பால், காயல் நடுவே துருத்து என்கிற ஒரு சின்னத் தீவு. அதில் ஒரு சாஸ்தா கோயில். மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்கள் வருஷத்துக்கு ஒருநாள் வள்ளமேறிப் போய் அங்கே சாஸ்தா ப்ரீதி என்று பூஜையும் சாப்பாடும் நடத்தும். மின்சாரக் கம்பி அக்கரையோடு நின்றுவிட்டது. அதனால் விளக்குக்கும் மைக்குக்கும் வழி பண்ணுவது மிளகுக் கிடங்குக் குமஸ்தாவான வைத்தீஸ்வரன் பொறுப்பு. உரை பதினாறு பக்கம். போன வருஷம் பதினொன்றாம் பக்கத்தில் இலை போட்டுவிட்டார்கள். உரைக்குப் பிறகு அவர் மனைவி கமலாக்ஷி பாட வேண்டிய சாஸ்தா பாட்டு, வழக்கம்போல, சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் போய்விட்டது.

"கொச்சங்காடியில டீசல் எஞ்சின் வாடகைக்குக் கிடைக்கும். கார் பேட்டரியும் கிடைக்கும். எதை எடுக்கறதுன்னு யோசிக்கறேன்."

கமலாக்ஷி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "மைக்குக்குப் பேட்டரி போறுமே. சத்தமே இல்லே. வெளிச்சத்துக்கு ரெண்டு பெட்ரோமாக்ஸ்."

அவரும் பேட்டரி என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் ஒரு வழக்கம். அவள் முதலில் சொன்னதை அவர் ஏற்கமாட்டார். ஏற்றால் குடும்பத் தலைவர் யார் என்ற கேள்வி வந்துவிடும்.

"நோக்கு என்ன தெரியும்? எஞ்சின் இருந்தா பந்தலே பகலாயிடும்."

"கனம் ஜாஸ்தியாக்கும். வேண்டாம், கேட்டேளா?"

இரண்டாம் தடவை சொன்னதும் எஞ்சின் உறுதியாயிற்று.

நாலு பேர் தூக்கி, வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து, எஞ்சின் ஒருவழியாகக் கரையேறியது. ஒயர் குட்டை. பந்தலுக்குப் பின்னாலேயே வைத்தார்கள். அந்தி சாயும்போது அதை ஓட்டிவிட்டதும் பந்தல் நிஜமாகவே பகலாயிற்று. வைத்தீஸ்வரன் கம்பீரமாக முதல் பக்கத்தைப் பிரித்தார். மைக்கோ அவர் குரலை விட்டுவிட்டு எஞ்சினின் தடதடப்பைத்தான் ஆசையாக வாங்கிக் கொட்டியது. அரைப் பக்கம் தாண்டவில்லை. விழாக் காரியதரிசி லக்ஷ்மிநாராயணன் காதைப் பொத்திக்கொண்டு போய் எஞ்சினை நிறுத்தினார்.

சன்னிதி விளக்கு மட்டும் எரிந்தது. கமலாக்ஷி அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து இரண்டு பெட்ரோமாக்ஸை எடுத்து ஏற்றினாள். பிறகு மைக் இல்லாமலே பாடினாள்.

யாரும் அசையவில்லை. காயலில் போன வள்ளக்காரன்கூடத் துழாவுவதை நிறுத்திவிட்டான். வைத்தீஸ்வரன் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். இப்படிப் பாடுகிறவளையா வருஷா வருஷம் சாம்பாரில் முக்கினோம் என்று அவருக்கு வெட்கமாயிருந்தது.

திரும்பும் வள்ளத்தில் எஞ்சின் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. இவர்கள் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டார்கள்.

"நீ சொன்னதுதான் சரி, கமலம்," என்றார் பெருந்தன்மையோடு. "பேட்டரிதான் எடுத்திருக்கணும்."

"எடுத்திருந்தா பதினாறு பக்கமும் படிச்சிருப்பேளே," என்றாள் கமலாக்ஷி. "அது கூடாதுன்னுதானே பேட்டரின்னு நான் முதல்ல சொன்னேன்."