போட்டதே தெரியாதாம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு மைத்துனன் பணிவோடு எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். இவள் சுகம், மகள் சுகம். நான் பயந்துபோய் இருக்கிறேன்.

எங்கள் பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் பிரிவுக்கும் அடுப்புப் பிரிவுக்கும் வருகிற ஞாயிறு கால்பந்து இறுதி ஆட்டம். எங்கள் பாக்கிங் பக்கம் கோல்கீப்பர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் பக்கம் ‘ஸ்பிரிங்’ என்று ஒருவன், சும்மா நடந்தாலே துள்ளுவான். இன்னும் கடைக்கே வராத ஏதோ எடையில்லாத பூட்ஸை அவன் வாங்கப்போகிறானாம். காலையில் அது கோழிமுட்டை எடை என்றார்கள், டீ குடிப்பதற்குள் காடை முட்டையாகிவிட்டது, சாப்பாட்டு மணி அடித்தபோது வெறும் ஓடுதான் மிச்சம். அதற்கெல்லாம் நான் அசரவில்லை. கை கழுவும் இடத்தில் ஸ்பிரிங் தன் கூட்டாளியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்: “அந்த பூட்ஸ் மட்டும் வந்துடட்டும், போட்டதே தெரியாதாம்!” எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோல் போட்டதே தெரியாது என்றால் நான் அங்கே நின்று என்ன காவல் காக்கிறது? இதுவரை வாங்கிய கோல்களை எல்லாம் கண்ணாலாவது பார்த்தேனே அத்தான்! பதறிப்போய் என் பூட்ஸ் என்ன எடை என்று பார்க்க, யாரும் இல்லாத நேரம் பாக்கெட் எடை பார்க்கும் பெல்ட்டில் வைத்தேன். எடை கூடிய பாக்கெட்டைத் தள்ளிவிடும் இயந்திரம் அது. சிவப்பு விளக்கு எரிந்து, சங்கு ஊதி, பூட்ஸைத் தூக்கி எறிந்தது. ஓடி வந்த சூப்பர்வைசர், “பிஸ்கட் போற இடத்துல செருப்பு வைக்கிற ஆளை இப்பத்தான்யா பாக்குறேன்” என்று அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இதுகூடப் போகட்டும். ஞாயிறு ஆட்டத்துக்கு மகள் வருகிறாள். “எங்கப்பாவைத் தாண்டி ஒரு பந்து போகாது” என்று வகுப்பு முழுக்கச் சொல்லி, தோழிகளையும் கூட்டி வருகிறாள். அவளிடம் அப்படிச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். அந்த முகம் வாடினால் எனக்குத் தாங்காது. கண்ணை மூடினாலே முதுகுக்குப் பின்னால் வலை ஆடுகிறது.

அந்த பூட்ஸ் சரக்கு உங்கள் விளையாட்டுச் சாமான் கடைக்குத்தான் வரும் என்கிறார்கள். வந்தால் ஞாயிறு தாண்டும்வரை குடோனில் வைத்துப் பூட்டுங்கள். ஸ்பிரிங் வந்து கேட்டால், “உங்க சைஸ் இல்லீங்க” என்று சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உங்கள் குடோனுக்கு நல்ல பூட்டு அமைய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் உங்கள் பார்சல் வந்துவிட்டது. அதே பூட்ஸ், என் அளவில்! “போட்டதே தெரியாது மாப்ளே, போட்டுப் பாரு” என்று அட்டையில் எழுதியிருந்தீர்கள். தெரியாமல் போவது காலில் போட்டது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. மார்பை நிமிர்த்திக்கொண்டு பயிற்சிக்குப் போனேன், மகளும் வந்தாள். வந்த பந்தை வழக்கமான பலத்தோடு ஓங்கி உதைத்தேன். பூட்ஸில் எடையே இல்லாததால் கால் பந்துக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டது, குதிகாலில் பட்ட பந்து பின்னால் எங்கள் வலைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. “யாருப்பா போட்டது?” என்றாள் மகள். “தெரியலையேம்மா” என்றேன். சத்தியமாகப் பொய் இல்லை அத்தான், போட்டதே தெரியவில்லை. ஆகவே குடோனைத் திறந்து முதல் ஜோடியை ஸ்பிரிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். நான் சூப்பர்வைசர் காலில் விழுந்தாவது என் பழைய பூட்ஸை வாங்கிக்கொள்கிறேன்.